மிளகுக் காம்பு உன் பட்டறைக்குள் வந்த வழி

கண்ணு,

ஐப்பசி மழையில் உன் பட்டறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியதற்கு நீ சாத்தாமல் போன ஜன்னல் காரணமில்லை. நான் போட்ட சிமெண்டுக் களம்தான் காரணம். இது எனக்கு அன்றைக்கே தெரியும். சரியாகச் சொன்னால் அதற்கு மூன்று மாதம் முன்னால், ஆடியிலேயே தெரியும். தெரிந்தும் இந்தப் பங்குனி வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. போன வாரம் நீ நாமக்கல்லிலிருந்து உன் அம்மாவிடம் போனில் பேசினாயே, அப்போது நான் பக்கத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "மோட்டார்க் காயில் சுத்துற மிசினைப் பழைய சாமான்காரருக்குப் போட்டுருங்கம்மா. ஒரு ஜன்னலைச் சாத்தத் தெரியாதவளுக்கு எதுக்குங்கம்மா பட்டறை" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டேன். நேரில் சொல்ல வேண்டிய சங்கதிதான். ஆனால் நேரில் வந்தால் நான் பேச்சை வளைத்துவிடுவேன். முப்பது வருசமாக வளைத்தே பழகிய வாய் இது. காகிதத்தில் எழுதியதை வளைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

போன வைகாசியில் மண் களத்தைச் சிமெண்டுக் களமாக மாற்றினேன், உனக்கு ஞாபகம் இருக்கும். மண்ணில் காய்ந்த மிளகென்று கீழே மண்டியில் விலையைக் குறைக்கிறார்கள் என்பதால் அந்த வேலையை எடுத்தேன். மேற்கே என் குடோன், வடக்கே வீடு, கிழக்கே உன் பட்டறை, தெற்கே லாரி வந்து திரும்புகிற இடம். மேஸ்திரி மட்டக்கோலை வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஏனுங்க, கிழக்க வாட்டம் உட்டா மழைத்தண்ணி பூராவும் பாப்பா பட்டறைச் செவுத்துலதான் போயி முட்டுமுங்க. தெக்க உட்டுடலாமுங்களா?" என்றார். தெற்கே விட்டால் அங்கே வாய்க்கால் வரும், லாரியின் பின்சக்கரம் அதில் இறங்கும். மேற்கே விட்டால் என் குடோனுக்குள் போகும். "கிழக்கயே உடுங்க. செவுத்தோரமா ஒரு வாய்க்கா வெட்டிக்கலாம்" என்றேன். "அப்ப அதையும் இப்பவே வெட்டிப் போடறனுங்க. ஒரு நாள் வேலைதான்." "அது பொறவு பாத்துக்கலாம்." இப்படித்தான் சொன்னேன். நான் பொறவு என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று உன் அம்மாவுக்குத் தெரியும், உனக்கும் தெரியும். எனக்கு லாபம் வருகிற எந்த வேலையையும் நான் பொறவுக்குத் தள்ளியதே இல்லை.

ஆடியில் நடந்ததைச் சொல்கிறேன். வீட்டு மிக்சி சத்தம் போடுகிறது, என்னவென்று கேட்கலாம் என்று உன் பட்டறைக்கு வந்தேன். நீ ஸ்டூலில் உட்கார்ந்து மெஷின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாய். சுற்றும்போது யாரும் பேசக் கூடாது என்பது உன் சட்டம். என்னைப் பார்த்ததும் ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, "நாப்பத்தாறு, நாப்பத்தேழு" என்று எண்ணிக்கொண்டே போனாய். நான் களத்தை ஒட்டிய சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். கை வைத்த இடம் எனக்குச் சொல்லிவிட்டது. பதினைந்து வயதில் அடுத்தவர் மூட்டையை மலையிலிருந்து தலையில் சுமந்து இறக்கியவன் இன்றைக்கு நாலு பேருக்குக் கூலி கொடுக்கிறேன் என்றால் அது இந்தக் கையால்தான். மூட்டைக்குள் கையை விட்டால் அடி மிளகில் ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன், ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்ப்பதெல்லாம் விற்பவருடைய திருப்திக்கு. அந்தக் கைக்கு ஒரு சுவர் ஈரம் தெரியாமல் போகுமா? மேலே வெள்ளை உலர்ந்துதான் இருந்தது. உள்ளே தண்ணீர் குடித்திருந்தது. நீ எண்ணி முடித்து, கம்பியை முடிச்சிட்டு, நிமிர்ந்து, "என்னங்கப்பா?" என்றாய். "ஒண்ணுமில்ல சாமி" என்றேன். மிக்சியைப் பற்றிக்கூடக் கேட்காமல் வெளியே வந்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் புதுக் களத்தின் ஓரத்தை வெட்ட வேண்டும். போட்டு இரண்டு மாதம்கூட ஆகாத களம். அதற்கு மேல் ஒரு காரணமும் இல்லை. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு. நன்றாகக் காய்ந்த மிளகைக் கொண்டுவந்தவர்களிடம், "இன்னும் ஒரு வெயில் காயோணும் போல இருக்குதுங்களே" என்று சொல்லி, ஈரக் கழிவு என்று எடையில் குறைத்திருக்கிறேன். எல்லோரிடமும் இல்லை. திருப்பி இன்னொரு வியாபாரியிடம் தூக்கிக்கொண்டு போக முடியாதவர்களிடம் மட்டும். அப்படிக் காய்ந்த மிளகை ஈரம் என்று சொல்லி வளர்ந்தவன், என் மகள் உட்கார்ந்திருக்கும் ஈரச் சுவரைப் பார்த்து ஒண்ணுமில்லை என்றேன்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. நீ செம்புக் கம்பி வாங்க நாமக்கல் போயிருந்தாய், மரம் விழுந்து பஸ் அடிவாரத்தில், காரவள்ளியிலேயே நின்றுவிட்டது. மத்தியானம் களம் முழுக்கத் தண்ணீர் பரவியது. எனக்கு முதலில் குடோன் ஞாபகம்தான். மேற்குப் பக்கம் மேடுதான், அங்கே தண்ணீர் வராது என்று தெரிந்தும் பயம். இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு மூட்டைகளைப் பலகைமேல் ஏற்றினேன். உன் அம்மா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று கத்தினாள். "ஏனுங்க, பாப்பா ரூமு சாவி ஆணியிலதான் தொங்குது. ஒரு எட்டு போயிப் பாருங்க." "இத முடிச்சுட்டு வாரேன்." கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்து கத்தினாள். "முடிச்சுட்டு வாரேன்னு சொன்னனல்ல!" என்று நானும் கத்தினேன். கடைசி மூட்டை ஏறின பிறகுதான் போனேன். பூட்டைத் திறந்ததும் கதவைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் என் கால்மேல் வந்தது. உன் கணக்கு நோட்டு, அதுதான், எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று, என்ன கம்பி என்று ஐ.டி.ஐ. முடித்து வந்த நாளிலிருந்து எழுதி வைத்தாயே, அது பெஞ்சுக்கடியில் விரிந்து மிதந்துகொண்டிருந்தது. துரைசாமி அண்ணன் கட்டக் கொடுத்திருந்த மூன்று எச்.பி. தண்ணீர் மோட்டாரைத் தூக்க முடியாமல் நீ தரையிலேயே வைத்திருந்தாய். முதல் நாள்தான் கட்டி முடித்திருந்தாய். பாதிக்கு மேல் முங்கிக் கிடந்தது.

மறுநாள் நீ வந்தாய். உள்ளே கால் வைப்பதற்கு முன் மெயின் சுவிட்சை இறக்கினாய், அது எனக்குத் தோன்றவே இல்லை. பிறகு ஜன்னலைப் பார்த்தாய். பாதி திறந்திருந்தது. "ஐயோ, வார்னிஷ் நாத்தம் போகட்டும்னு தொறந்து வெச்சுட்டே போயிட்டனுங்களேப்பா" என்று தலையில் கை வைத்துக்கொண்டாய். இடுப்பு உயரத்தில் இருக்கிற ஜன்னல் அது. அது வழியாகச் சாரல் வரும். ஒரு அறையை நிரப்புகிற தண்ணீர் வராது. நீ அசந்து போயிருந்தாய், யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். "இல்ல கண்ணு" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். கீழே குனிந்து கம்பிச் சுருளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

நாலு நாள் நீ தூங்கவில்லை. ஒவ்வொரு மோட்டாரையும் பிரித்து, துடைத்து, வயிற்றுக்குள் குண்டு பல்பை எரியவிட்டு உலர்த்தினாய். மற்றதெல்லாம் பிழைத்தது. துரைசாமி அண்ணனுடையது மட்டும் மெக்கரை, அதுதான் மின்கசிவு பார்க்கும் மீட்டரை, வைத்தபோதெல்லாம் முள்ளைப் பூஜ்யத்தை விட்டு அசைய விடவில்லை. காயிலுக்கு நடுவே வைக்கிற காகிதமெல்லாம் தண்ணீர் குடித்துவிட்டது, மறுபடியும் முழுக்கப் பிரித்துக் கட்ட வேண்டும் என்றாய். அன்றைக்குப் பார்த்து அவர் தன் ஊரான எடப்புளி நாட்டிலிருந்து ஜீப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"மோட்டார் கட்டியாச்சுங்களா அம்மிணி?"

"கட்டினனுங்க. உள்ள தண்ணி போயிருச்சுங்க. இன்னொருக்கா கட்டித் தாரனுங்க, கூலி வேண்டாமுங்க."

"தண்ணி எறைக்கற மோட்டாரத் தண்ணியில முக்கித் தாரியா? அம்மிணிக்கு மாப்பிள்ள பாக்கற வயசுல மோட்டார் எதுக்குன்னு அன்னைக்கே எங்கூட்டுல கேட்டாங்க. நாந்தான் கேக்காம கொண்டாந்தேன்."

நான் அப்போது நடுவில் வந்தேன். கையைக் கட்டிக்கொண்டு, பெரிய மனிதன் மாதிரி, "சின்னப் புள்ளதானுங்க. ஜன்னலைச் சாத்தாம போயிட்டா. மனசுல வெச்சுக்காதீங்க" என்றேன். ஜீப்பில் வந்தவர்கள் நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மோட்டாரை அப்படியே ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலம் எனக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "நீங்க பேசலீன்னா அவரு இன்னும் கத்தியிருப்பாருங்கப்பா" என்று எனக்கு நன்றி சொன்னாய். அந்த டீயைக் குடித்தேன்.

அடுத்த வாரமே அந்தப் பேச்சு சந்தைக்குப் போய்விட்டது. ஜன்னலைச் சாத்தாத புள்ள கட்டின மோட்டார் என்று ஆகிவிட்டது. வல்வில் ஓரி ஆண்ட மலை, எழுபது வளைவு ரோடு என்று பெருமை பேசுகிற ஜனங்கள், அந்த எழுபது வளைவையும் இறங்கிக் கீழே போய் மோட்டார் கட்டிக்கொண்டார்களே தவிர, உன் கதவைத் தட்டவில்லை. கார்த்திகையில் நீ பையைத் தூக்கிக்கொண்டு நாமக்கல்லில் ஒரு கடையில் பில் போடுகிற வேலைக்குப் போய்விட்டாய். நீ போன இரண்டாம் நாள் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆளை விட்டு உன் பட்டறைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். தண்ணீர் நின்ற கோடு கீழிருந்து நேர்கோடாகத் தெரிந்தது, யார் பார்த்தாலும் ஜன்னல் வழி வந்ததில்லை என்று சொல்லிவிடுவார்கள். அதை மறைக்கத்தான். உன் அம்மாவிடம், "புள்ள திரும்பி வந்தா பளிச்சுன்னு இருக்கட்டும்" என்றேன்.

நீ மெஷினைப் போட்டுவிடச் சொன்ன மறுநாள், கொடுப்பதற்கு முன் துடைத்து வைக்கலாம் என்று உன் அம்மா அதை நகர்த்தியிருக்கிறாள். அடியில் சேறு காய்ந்து அடை மாதிரி ஒட்டிக் கிடந்தது. அதைப் பெயர்த்து ஒரு முறத்தில் போட்டு, குடோனில் ஆட்கள் மூட்டை தைத்துக்கொண்டிருக்கும்போது கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள்.

"என்ன இது?"

"நீங்கதான் பாத்துச் சொல்லோணும். நீங்கதான யாவாரி."

சேற்றுக்குள் மிளகுக் காம்பும் சண்டுப் பதரும் கொத்துக் கொத்தாக இருந்தன. புரட்டாசியில் பழைய மூட்டைகளைப் பிரித்துக் களத்தில் வெயில் காட்டினேன், அப்போது உதிர்ந்தவை.

"ஏனுங்க, ஜன்னல் வழியா வர்ற மழையில மிளகுக் காம்பு வருமுங்களா? மானத்துல எங்கியாச்சும் மிளகுக் கொடி இருக்குதா?"

ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. "மேஸ்திரி அன்னைக்குச் சொன்னது எங்காதுலயும் உழுந்துச்சு. பொறவுன்னு நீங்க சொன்னதும் உழுந்துச்சு. நாம் பெத்த புள்ளைய ஊட்ட உட்டு அனுப்பற அளவுக்கு அந்தப் பொறவு இருக்கும்னு நெனைக்கல" என்றாள். அன்று முதல் என்னிடம் சோறு போடட்டுமா என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. எனக்கு அவ்வளவும் வேண்டும்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி இந்தக் கடிதத்துக்குப் பிறகு எனக்கு இல்லை. ஆனாலும் ஒன்று சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் உன்னுடைய அந்தக் குணத்தை வைத்துத்தான் நான் தப்பித்தேன். யாராவது முகம் சுளித்தாலே போதும், என்ன ஏது என்று பார்க்காமல் பழியை எடுத்து நீ உன் மடியில் கட்டிக்கொள்கிறாய். உனக்குப் பத்து வயதிருக்கும்போது குடோன் தராசு தப்பாகக் காட்டியது. நான் கத்திய கத்தலில், "நாந்தானுங்கப்பா, நேத்து அதும் மேல ஏறி நின்னேன்" என்று நீயே வந்து சொன்னாய். ஓர் அறை வைத்தேன். தராசை முந்தின வாரம் லாரியிலிருந்து இறக்கும்போது கீழே போட்டவன் நான். ஒரு சுண்டெலி எடை இருந்த புள்ள ஏறி நின்று அது கெடுமா? அதையும் நான் உனக்குச் சொல்லவில்லை. நீயோ மறுநாளே அதைப் பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க உட்கார்ந்துவிட்டாய். உன் கைக்கு வேலை வந்ததே அங்கேதான் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், நான் வைத்த அறையை மட்டும் சொல்லாமல். இனிமேல் யாராவது உன்னால்தான் என்றால், அவர்கள் என்னைப் போல உன்னைப் பெற்றவர்களாகவே இருந்தாலும், முதலில் போய்ச் சுவரைத் தொட்டுப் பார். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தேடு. அதற்குப் பிறகும் நீதான் என்றால் ஒத்துக்கொள்.

களத்தின் கிழக்கு ஓரத்தை இரண்டு முழ அகலத்துக்கு உடைத்துவிட்டேன். அதே மேஸ்திரிதான். "பொறவு வந்துருச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டே கடப்பாரையை எடுத்தார். வாய்க்கால் வெட்டி, லாரி திரும்புகிற இடத்துக்கு அடியில் குழாய் போட்டு, தெற்கே ரோட்டோரம் தண்ணீரை விட்டாயிற்று. தோட்டத்துக் குழாயை நாள் முழுக்கத் திறந்துவிட்டுப் பார்த்தேன், உன் சுவர்ப் பக்கம் ஒரு சொட்டு போகவில்லை. உள்ளே நான் அடித்த சுண்ணாம்பை இடுப்பு உயரம் வரை பூச்சோடு கொத்தி எடுத்தாயிற்று, செங்கல் தெரிகிறது. உடனே பூசிவிடலாம் என்றார் மேஸ்திரி. வேண்டாம் என்றேன். மேல் காய்ந்தது காய்ந்ததில்லை என்று மிளகில் எனக்குத் தெரியும். பங்குனி வெயிலும் சித்திரை வெயிலும் முழுக்கக் குடிக்கட்டும், அதன் பிறகு நீ உன் கையை வைத்துப் பார்த்துச் சொன்னால்தான் பூச்சு. மெஷினை உன் அம்மா யாருக்கும் போடவில்லை. அன்றைக்கு நனைந்து ஒட்டிக் கிடந்த உன் நோட்டை ஏடு ஏடாகப் பிரித்துச் சாக்கின்மேல் பரப்பி, மேலே மிளகைத் தூவி வைத்தேன், காற்றில் பறக்காமல் இருக்க. பந்துமுனைப் பேனாவில் எழுதியதெல்லாம் நிற்கிறது. ஜெல் பேனாவில் எழுதிய பதினெட்டுப் பக்கம் நீலக் கறையாகிவிட்டது. அந்தப் பதினெட்டும் போனது போனதுதான். அதற்கு என்னிடம் ஈடு இல்லை.

கடைசியாக ஒன்று. பொய்யை நான் நாலு பேர் முன்னால் சொன்னேன், அதனால் உனக்கு மட்டும் எழுதினால் அது பாதிதான். போன சந்தைக்குச் சோளக்காட்டுக்குப் போனேன். துரைசாமி அண்ணன் டீக்கடையில் ஏழெட்டுப் பேரோடு உட்கார்ந்திருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். "அண்ணா, உங்க மோட்டார்ல தண்ணி போனதுக்கு எம் புள்ள காரணமில்லீங்க. களத்துத் தண்ணிய நாந்தான் அவ பட்டறைக்குத் திருப்பி உட்டேன். ஜன்னலுன்னு நாஞ் சொன்னது பொய்யுங்க." டீ ஆற்றுகிறவர்கூட நிறுத்திவிட்டார். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல், "ஏனுங்க மொதலாளி, ஊரான் மிளகுல இல்லாத ஈரமெல்லாம் தெரியுது, சொந்த ஊட்டுச் செவுத்துல இருந்தது தெரியலீங்களா?" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். "தெரிஞ்சுதுங்க" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

துரைசாமி அண்ணன் டீயை முழுக்கக் குடித்து முடித்தார். "நானும் அந்த அம்மிணிய மாப்பிள்ள அது இதுன்னு பேசிட்டனுங்களே" என்றார். கீழே போய்ப் புது மோட்டார் வாங்கிவிட்டாராம். பழையது அவர் கொட்டகையில் அப்படியே கிடக்கிறதாம். அதைக் கட்டி வைத்துக்கொண்டால் ஒன்று போனால் ஒன்று ஆகும் என்று அவரே சொன்னார். கூலி இல்லாமல் கட்டித் தரச் சொல்கிறேன் என்றேன். "அதைச் சொல்ல நீங்க யாருங்க? கட்டறது நீங்களா?" என்று கேட்டார். அதன் பிறகு அவர் சொன்னதற்கெல்லாம் நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாழ்க்கையில் பேரம் பேசாமல் நான் ஒத்துக்கொண்ட முதல் ஏற்பாடு இதுதான், அதை அப்படியே எழுதுகிறேன்.

மூன்று எச்.பி. மோட்டார், முழுக் காயிலும் புதிதாகக் கட்ட வேண்டும். கம்பி, காகிதம், வார்னிஷ் சேர்த்துக் கூலி நாலாயிரத்து ஐந்நூறு. முன்பணம் ஆயிரம் கொடுத்துவிட்டார். அதை நான் கையால் வாங்கக் கூடாது என்றார், அவர் மனைவி வந்து உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். கட்டுவது நீ மட்டும், உன் பட்டறையில். தவணை வைகாசி கடைசி, சுவர் இன்னும் காயவில்லை என்று நீ சொன்னால் அது தள்ளிப் போகும். நீ மாட்டேன் என்றால் அது உன் இஷ்டம், ஒருவரும் ஏன் என்று கேட்கக் கூடாது. அப்படியானால் ஆயிரத்தை நான் சந்தையில் அதே டீக்கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, எதனால் திருப்புகிறேன் என்பதை இன்னொரு முறை நின்று சொல்ல வேண்டும்.